விசிலடிக்கும் டாங்கி

ஒடீல் டேகலுக்கு இந்த உலகத்தில் ஆகாத சத்தம் ஒன்றே ஒன்றுதான். எண்ணெய் டாங்கியின் விசில். லாரிக்காரர் வந்து, வீட்டைச் சூடாக்கும் கணப்பு எண்ணெயை ஏற்றும்போது, நிலவறை டாங்கிக்குள் இருக்கும் காற்று இன்னொரு குழாய் வழியாக வெளியே சீறும். அது போகிற வழியில் ஒரு சின்ன விசில். எண்ணெய் ஏறுகிறவரை ஊளையிடும், நிறைந்ததும் அடங்கிவிடும். மகன் லூக் கைக்குழந்தையாக இருந்த நாளில், அரும்பாடுபட்டுத் தூங்கவைத்த பிள்ளையை அது எழுப்பிவிட்டுப் போகும். அன்று பிடித்த பகை. முப்பத்தொரு வருடம் மடவாஸ்கா ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளின் கூச்சலைச் சிரித்துக்கொண்டே தாங்கியவள்தான். ஆனால் இந்த விசில் கேட்டால் மட்டும் பல்லைக் கடிப்பாள்.

போன இலையுதிர் காலத்தில் அவள் வீட்டுப் பழைய டாங்கியின் அடிவயிறு கசிய ஆரம்பித்தது. விஷயம் பாங்கர் நகரத்தில் இருக்கும் லூக்கின் காதுக்குப் போயிற்று.

"அம்மா, நிலவறையில எண்ணெய் கொட்டிச்சுன்னா வீடு முடிஞ்சுது. கிணத்துத் தண்ணியும் நாசம். நல்ல டாங்கியா பாத்து வாங்கு. ஆனா ஒண்ணு, இதுல ஏதாவது தப்பு நடந்துச்சுன்னா பேசாம என்கூட வந்துடணும். சரியா?"

"சரி" என்று வீம்பாகச் சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் யோசித்தாள். மகன் தங்கமானவன், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அறுபத்தெட்டு வயதில் அவனுடைய மூன்றாவது மாடி வீட்டில், இன்னொருத்தி அடுப்படியில் ஒண்டிக்கொண்டு கிடப்பதா? நினைக்கவே அவளுக்கு அழுகை முட்டியது.

எங்கள் பள்ளத்தாக்கில் டாங்கி வாங்கப்போகிறேன் என்று வாய் திறந்தால் போதும், ஆளாளுக்கு நீதிபதிதான். ஞாயிறு பூசை முடிந்து மாதாகோயில் வாசலில் நின்ற நேரத்தில், வெளியே வை என்றார்கள் பாதிப் பேர். வெளியே வைத்தால் சனவரிக் குளிரில் எண்ணெய் கூழாகிவிடும், அப்புறம் மண்ணெண்ணெய் கலந்து மாரடிக்க வேண்டும் என்றார்கள் மீதிப் பேர். ஒடீல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், எவரையும் நம்பவில்லை. பெரிய அட்டைப்பெட்டிகளை டாங்கி அளவுக்கு வெட்டி ஒட்டி, ஒவ்வொன்றாக நிலவறைப் படியில் இறக்கிப் பார்த்தாள். குண்டு டாங்கி திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. ஒல்லியாய் உயரமாய் இருந்த அட்டை மட்டும் வழுக்கிக்கொண்டு இறங்கியது, மினூ என்கிற அவள் பூனையையும் உள்ளே ஏற்றிக்கொண்டு.

கணப்பு வேலை பார்க்கும் ரெனால் அவளுடைய அண்ணன் மகன். அட்டையைப் பார்த்துச் சிரித்தவன், அதே அளவில் இரட்டைச் சுவர் டாங்கி ஒன்றைக் காட்டினான்.

"இதை எடுத்துக்கோங்க அத்தை. உள்தொட்டி ஓட்டையானாலும் வெளித்தகடு தாங்கிக்கும்."

"எல்லாம் சரிதான்டா. விசில் இல்லாம ஒண்ணு குடு."

"விசில் இல்லேன்னா லாரிக்கார நோர்மன் ஒரு சொட்டு ஊத்தமாட்டார். அவர் காதாலதான் ஊத்துவார்."

"அவனுக்குக் காது வேற இருக்கா? நாப்பது வருஷமா கத்துறேன், பனி பூட்ஸோட உள்ள வராதேன்னு. ஒரு நாளாவது கேட்டிருக்கானா?"

ஆனாலும் முணுமுணுத்துக்கொண்டே அதையே எடுத்தாள். புது டாங்கி வாசல் பக்கச் சுவரோரம் நின்றது, அதற்கு எண்ணெய் ஊற்றும் புதுக் குழாயும் வாசல் பக்கமே வந்தது. பழைய டாங்கி போன மூலையில் மினூ ஒதுங்குகிற மண்தட்டை வைத்துவிட்டாள்.

கொல்லைப்புறச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த பழைய குழாயைப் பிடுங்கி, ஓட்டையைச் சிமெண்டால் அடைக்கப்போனான் ரெனால். ஒடீல் குறுக்கே போய் நின்றுகொண்டாள். அவளுடைய துணிக்கொடியின் ஒரு முனை அந்தக் குழாயில்தான் கட்டியிருந்தது.

"கொடியை உன் கழுத்துலயா கட்டுவேன்? பனிக்காலம் போகட்டும், புடுங்கிக்கலாம்."

"அத்தை, இது விளையாட்டில்ல. அப்ப இன்னைக்கே நோர்மனுக்கு போன் போட்டு, இடம் மாறிடுச்சுன்னு சொல்லிடுங்க."

"உங்க அத்தை எதையாவது மறந்திருக்காளா?"

மறந்தாள். அன்று சாயங்காலம் கோயில் விருந்துக்கு எண்பது கோழிக்கறி அடைத்த பணியாரம் சுடுகிற பொறுப்பு அவள் தலையில். அதில் போன் சுத்தமாக மறந்தே போயிற்று.

நவம்பரில் ஒரு சனிக்கிழமைக் காலை. ஒடீல் கல்லில் பிளாய் என்கிற எங்கள் ஊர் தோசையை ஊற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் பிளாயைத் திருப்பிப்போடுகிற வழக்கமில்லை, மேலே கண்கண்ணாய்த் திறந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கண் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது லாரிச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். எண்ணெய்க் குழல் பனியில் இழுபட்டுக் கொல்லைப்புறம் போய்க்கொண்டிருந்தது.

இவன் ஏன் பின்னால் போகிறான்?

அய்யோ! கரண்டியைப் போட்டுவிட்டு, வீட்டுச் செருப்போடு பனியில் ஓடினாள். "நோர்மன்! நிறுத்துடா! நிறுத்து, பாவி!"

நோர்மன் பழைய குழாயருகே சுவரில் காதை வைத்தபடி நின்றார். கை, குழலின் பிடியில் இல்லை.

"நிறுத்தியாச்சு. எதுக்கு ஊரைக் கூட்டுற?"

"ஊத்திட்டியா?"

"இத்தனூண்டு திறந்தேன், விசில் வரல. டக்குனு மூடிட்டேன். உன் வீட்டு விசில் எனக்கு மனப்பாடம், ஒடீல். அது கத்தலேன்னா எனக்குக் கை ஓடாது. டாங்கிக்கு என்ன ஆச்சு?"

"அங்க டாங்கியே இல்ல. வாசல் பக்கம் மாத்திட்டேன். உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

நோர்மன் பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இருநூறு கேலன். நேரா உன் நிலவறைக்குள்ள ஊத்தியிருப்பேனே, அடிப் பாதகி!"

இருவரும் கீழே ஓடினார்கள். சுவரில் நீட்டியிருந்த குழாய் நுனியில் இன்னும் சொட்டியது. சொட்டு நேராக மினூவின் மண்தட்டில் விழுந்தது. ஒரு சொம்பு எண்ணெய் இருக்கும், அத்தனையையும் மண் குடித்திருந்தது. நோர்மன் முட்டிபோட்டுத் தரையைத் தடவி முகர்ந்து பார்த்தார். பொட்டு ஈரமில்லை. தன் கழிப்பிடத்தைப் பறிகொடுத்த மினூ படியிலிருந்து முறைத்தது.

"உன் பூனைக்கு மீன் வாங்கிப் போடு" என்றார் நோர்மன். ஒடீல் படியில் உட்கார்ந்து சிரித்தாள், சிரிப்பிலேயே அழுதாள். வீடு தப்பியது, கிணறு தப்பியது.

நோர்மன் குழலை வாசல் பக்கம் இழுத்துப்போய்ப் புதுக் குழாயில் மாட்டினார். விசில் வீறிட்டது. "கத்துடி, நல்லா கத்து!" என்றாள் ஒடீல். அந்த நேரம் பார்த்து உள்ளே போன் அடித்தது, ஓடிப்போய் எடுத்தாள்.

"என்னம்மா சத்தம் அது?" என்றான் லூக்.

மறைத்திருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே நோர்மன், நான் வாய் திறக்கமாட்டேன் என்று தலையைக்கூட ஆட்டினார். ஆனால் பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. கொடி, குழாய், மறதி, பூனை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"தரையில ஒரு சொட்டுகூட இல்லையா?"

"இல்லப்பா."

"அந்த விசிலை நீயா கேட்டு வாங்கினே?"

"நான் எங்க கேட்டேன்? வேண்டவே வேண்டாம்னேன். ரெனால்தான் என் தலையில கட்டினான்."

லூக் விழுந்து விழுந்து சிரித்தான். "போனை ஜன்னல்கிட்ட புடிம்மா."

பிடித்தாள். விசில் இன்னும் கொஞ்ச நேரம் ஊளையிட்டு, சட்டென்று அடங்கியது.

"நிறைஞ்சிடுச்சு போல" என்றான் லூக். "சரி, அங்கேயே இரு. ஆனா அந்தக் குழாயை இன்னைக்கே புடுங்கணும்."

கல்லில் பிளாய் கரியாகிப் புகைந்துகொண்டிருந்தது. ஒடீல் அடுப்பை அணைத்தாள். கத்தரியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய், பனியில் விறைத்திருந்த துணிக்கொடியைத் தன் கையாலேயே அறுத்துப்போட்டாள்.