இரண்டு சீசன்

குற்றாலச் சாரல் தொடங்கிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை, மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை மூன்றாவது தடவையாக அள்ளிக்கொண்டு இறங்கும்போது போன் அடித்தது. என் மகன் கணேசன். ராணுவத்தில் இருக்கிறான். வடக்கே பனிமலையில், எல்லைக் காவல். எந்த மலை என்று அவனும் சொல்லமாட்டான், நானும் கேட்கமாட்டேன்.

"சாப்ட்டியா ஐயா?"

"ஆச்சும்மா. நீ?"

"ஆச்சு... இங்கன சீசன் நல்லாருக்கு. ஐந்தருவியில நல்லா தண்ணி விழுதாம்."

தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். 'சீசன் நல்லாருக்கு' என்று வெளியூரில் இருப்பவரிடம் நாங்கள் சொன்னால், அது தண்ணீரைப் பற்றிய தகவல் இல்லை. 'கிளம்பி வா' என்று அர்த்தம். நேராகக் கூப்பிட எனக்குக் கூச்சம். பெற்ற பிள்ளையிடம் என்ன கூச்சம்? இருக்கிறதே, என்ன செய்ய?

அவன் சிரித்தான். "இங்கயும் சீசன் ஆரம்பிச்சிட்டும்மா" என்றான். அதோடு லைன் போய்விட்டது.

எனக்கு ஒரே சந்தோஷம். பக்கத்து வீட்டு மாரியம்மாளிடம் போய்ச் சொன்னேன். "அவன் இருக்க எடத்துலயும் அருவி இருக்காம் மாரி. தெனமும் குளிக்கான் போல."

"பனித் தண்ணியிலயா? வெறச்சிப் போவாம்லா மதினி! எண்ணெய் தேச்சி விட அங்கன ஆளு இருக்கா, கேட்டீங்களா?"

புதன்கிழமை மறுபடியும் கூப்பிட்டான். "அருவியில நிக்கும்போது தலையில துண்டப் போட்டுக்கோ ஐயா" என்றேன்.

"அம்மா... அருவில்லாம் இல்ல. பனி உருகி கணவாய் தொறந்துட்டுன்னா, அதத்தான் நாங்க சீசன்னு சொல்லுவோம். அந்தப் பக்கத்துல இருந்து ஆளு நுழையுத சீசன்."

"அதுக்குமா சீசன் பாப்பாங்க?"

"படை எடுக்குதவன் மொதல்ல பாக்குதது வானத்தத்தான். கடல் வழியா எறங்குதவன், தண்ணி ஏறுதது எப்போ, வத்துதது எப்போன்னு பாத்துத்தான் வருவான். வத்தும்போது வந்தா படகு சேத்துல நின்னுரும். மலை வழியா வாரவன் பனி உருகக் காத்துக் கெடப்பான்."

"அப்போ லீவு?"

"கணவாய் மூடணும்மா. பனி விழுந்தாத்தான்."

பதினாறு வருஷமாக அவன் மாசியில்தான் வருகிறான். அப்போது பேரருவியில் பாறைமேல் ஒரு ஈரக்கோடு இருக்கும், அவ்வளவுதான். அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு நிற்பான். வீட்டுக்கு வந்து போர்வெல் தண்ணீரில் குளித்துவிட்டு, "இதுவும் நல்லாத்தாம்மா இருக்கு" என்பான். நான் என்னடாவென்றால், இவனுக்கு நல்ல மாதத்தில் லீவு கொடுக்காத ஆபீசர் யாரோ என்று இத்தனை வருஷமும் முகம் தெரியாத ஒரு மனுஷனை ஏசிக்கொண்டிருந்தேன். ஏசுவதென்றால் பனியைத்தான் ஏசியிருக்க வேண்டும்.

நமக்கும் கணவாய் உண்டு. புளியறைப் பக்கம் மலை விலகி வழிவிட்டு நிற்கிற இடம். அது வழியாகத்தான் சாரல் நம் ஊருக்குள் வருகிறது. நாம் நம் கணவாயைப் பார்த்து 'வந்துவிடாதா' என்று நிற்கிறோம். அவன் அவனுடைய கணவாயைப் பார்த்து 'வந்துவிடக் கூடாது' என்று நிற்கிறான். இங்கே வடகரை ஊரில் நாற்று நடப் போகிறவரும் வானத்தைத்தான் பார்க்கிறார். அடுத்தவன் மண்ணைப் பிடிக்க நினைக்கிறவனும் அதே வானத்தைத்தான் பார்க்கிறான். வானத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது போலிருக்கிறது.

தண்ணீர் நிறைய விழும்போது அவன் அதில் நனைந்து, கண் சிவந்து, பசியோடு வீட்டுக்குள் வர வேண்டும். நான் சுடச்சுடப் போட வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. இந்த ஆனியிலும் இல்லை என்று ஆகிவிட்டது. சரி, ஆசையை விட்டுவிட்டு ஆளையாவது பார்க்கலாம் என்றால்...

சாரல் இன்னும் நன்றாக விழட்டும் என்று ஊரே வேண்டிக்கொள்கிறது. நான் மட்டும் எங்கேயோ இருக்கிற ஒரு மலையில் சீக்கிரம் பனி விழட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். குற்றாலத்தில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.