அமாவாசை மாத்திரை

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் ரேஷன் அட்டை, கரண்ட் பில் ஆகியவற்றோடு அப்பாவின் சிறுநீரகமும் என் பொறுப்பில் வந்து சேர்ந்தது. அதில் எனக்குப் பெருமைதான். மருத்துவமனையில் சீட்டை நீட்டி, இரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற கழிவு எவ்வளவு என்று நான் கேட்கும்போது வரிசையே திரும்பிப் பார்க்கும்.

அப்பாவின் சிறுநீரகம் பாதிக்கு மேல் களைத்துப் போயிருந்தது. கூடவே இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. களைத்த சிறுநீரகம் உப்பையும் நீரையும் முழுதாக வெளியேற்றாது, அவை உடம்பிலேயே தங்கி அழுத்தத்தை ஏற்றும், ஏறிய அழுத்தம் திரும்பச் சிறுநீரகத்தையே கெடுக்கும் என்று டாக்டரம்மா விளக்கினார். அழுத்தம் இறங்காவிட்டால் சீக்கிரமே சென்னைக்குப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டிவரும். உப்பைக் குறைக்கச் சொல்லி இரண்டு மாத்திரைகள் எழுதினார். ஒன்று அழுத்தத்துக்கு, அது சிறுநீரகத்துக்கும் காவல். இன்னொன்று தேங்கிய நீர் பிரிவதற்கு.

இதையெல்லாம் வீட்டில் நான் அழகாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்ட அம்மா, பிரஷர் கோபத்தால் வருவது என்று தீர்ப்புச் சொன்னாள். தெருவும் அவள் பக்கம். அன்றுமுதல் அப்பாவை யாரும் எதிர்த்துப் பேசக்கூடாது என்றானது. அப்பா விடுவாரா? டிவியில் கிரிக்கெட்டை மாற்றினால் நெற்றியைப் பிடித்துக்கொள்வார். உப்புக் குறைந்த குழம்பை அவர் என்ன சொன்னாலும் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

அப்படியும் அழுத்தம் இறங்கவில்லை. கால் வீக்கமும் வடியவில்லை. குழித்தறியில் உட்கார்ந்து நாளெல்லாம் காலைக் குழிக்குள் தொங்கப் போட்டு நெய்தால் யாருக்குத்தான் வீங்காது என்பார் அப்பா.

அமாவாசையன்று எங்கள் ஊரில் தறி ஓடாது. அன்றுதான் மருத்துவமனைக்குப் போவோம். அப்படிப் போன ஓர் அமாவாசையில், மாத்திரையின் அளவைக் கூட்டப் பேனாவை எடுத்த டாக்டரம்மா, ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் கரெக்டா போட்டுக்கினுதாம்மா இருக்காரு. நீர் மாத்திர மட்டும் அமாவாசைக்கு அமாவாசை."

பேனா நின்றது.

அப்பா நெய்வது கோர்வைச் சேலை. சேலையின் உடலுக்கு நூல் ஓட்ட ஒரு நாடா, கரைக்குத் தனியாக ஒரு நாடா. பக்கத்தில் உட்கார்ந்து அம்மா கரை நாடாவைத் தள்ளினால்தான் வேலை நகரும். அந்த மாத்திரையைப் போட்ட நாளில் அப்பா ஓயாமல் குழியிலிருந்து ஏறி ஏறி ஓட, அம்மா நாடாவும் கையுமாகக் காத்திருக்க, சேலை அப்படியே நின்றது. ஆகவே இருவரும் கூடிப் பேசி அதைத் தறி ஓடாத நாளுக்கு மாற்றிவிட்டார்கள். காலேஜுக்குப் போகிற பெண்ணை இதற்கெல்லாம் தொந்தரவு செய்வானேன் என்று நினைத்தார்களாம்.

டாக்டரம்மா திட்டவில்லை. தறியில் எத்தனை மணிக்கு உட்காருவீர்கள் என்று மட்டும் கேட்டார். பிறகு, விடிந்ததும் விடியாததுமாக மாத்திரையைப் போடச் சொன்னார். தறிக்குப் போவதற்குள் நீர் பெரும்பாலும் பிரிந்துவிடும்.

எங்கள் காம்பவுண்டில் மூன்று குடித்தனங்களுக்கு ஒரே கழிப்பறை. மறுநாளிலிருந்து காலை வேளையில் அது அப்பாவுடையது. பக்கத்து வீட்டுக்காரர் வாளியோடு நின்று நின்று பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினார்.

"இன்னாண்ணா, உள்ள தறிக்கு பாவு கீவு நீட்டிக்கினு இருக்கியா?"

"பிரஷர் இருக்குதுபா. கோவப்படுத்தாத."

அடுத்த அமாவாசைக்குள் வீக்கம் வடிந்து அப்பாவின் செருப்பு தொளதொளத்தது. அழுத்தம் நன்றாக இறங்கியிருக்கிறது, சிறுநீரகமும் மேற்கொண்டு கெடவில்லை, தினமும் இப்படியே போட்டுவந்தால் டயாலிசிஸைத் தள்ளிப்போடலாம் என்றார் டாக்டரம்மா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்லி எழுந்தேன். அம்மா எழவில்லை.

"அப்ப இனிமே இவர திட்டலாமா டாக்டரம்மா?"

"தாராளமா திட்டுங்க. உப்பு மட்டும் சேக்காதீங்க."

அம்மா வாசல்வரைகூடப் பொறுக்கவில்லை. கிரிக்கெட்டில் ஆரம்பித்தவள், பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் குழம்புக்கு வந்துவிட்டாள். அப்பாவின் கை பழக்கத்தில் நெற்றிக்குப் போனது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் தலையைக் கோதிக்கொண்டு இறங்கிவிட்டது.