மாலை போட்ட வீட்டில் ஒரு பாட்டில்

குடிகாரன் பெண்டாட்டிக்கு வேறெது மங்கினாலும் மூக்கு மட்டும் மங்காது. ஏலவார்குழலியின் கணவன் தேவராஜன் தெருமுனை திரும்பும்போதே, எதைக் குடித்திருக்கிறான், எவ்வளவு குடித்திருக்கிறான், மேலே கொய்யாப்பழம் தின்று மறைக்கப் பார்த்தானா என்பதையெல்லாம் அவள் சொல்லிவிடுவாள். காஞ்சிபுரத்து அம்மன் பெயரை வைத்து வளர்த்த பெண்ணுக்கு வந்து வாய்த்த வித்தை அது.

அந்த மூக்குதான் ஒரகடத்தில் அவளுக்குக் கொஞ்சம் மரியாதையும் வாங்கித் தந்தது. ஜப்பான்காரர்கள் தங்கும் ஒரு கெஸ்ட் ஹவுசில் அவளுக்குப் பரிமாறும் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் ஒயின் திறப்பார்கள். ஒருநாள் பாட்டிலை மேசைக்குக் கொண்டுபோகும்போதே முகம் சுளித்தாள். நனைந்த அட்டைப்பெட்டி வாசம். ஹயாஷி சார் வாங்கி முகர்ந்துவிட்டு, கார்க் கெட்டுப்போயிருக்கிறது என்று சிரித்தபடி ஒதுக்கி வைத்தார். அன்றிலிருந்து எதைத் திறந்தாலும் முதலில் அவளிடம்தான் நீட்டுவார்.

ஹயாஷி சார் லாரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரம் பார்ப்பவர். தமிழில் நாலு வார்த்தை, ஆங்கிலத்தில் நாற்பது வார்த்தை, மீதிக்குக் கை. ஒரே ஒயினில் புதியதையும் பல வருஷம் ஆனதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து முகரச் சொல்வார். புதியது காயாக இருக்கும், மூஞ்சியில் அடிக்கும். பழையது கோபமெல்லாம் அடங்கி, உலர்ந்த திராட்சையும் மழை பெய்த மண்ணுமாக மெதுவாகப் பேசும். அவள் வாயில் மட்டும் ஒரு சொட்டு விட்டதில்லை. ஆனாலும் ரசித்தாள், வேறென்ன சொல்ல. குடியைச் சபித்துக்கொண்டே ரசித்தாள்.

அவர் அறை அலமாரியில் காகிதம் சுற்றிய ஒரு பாட்டில் இருந்தது. சாக்கே, அரிசியில் செய்த மது. சாக்கேயை வருஷக்கணக்கில் வைத்துக் குடிப்பது வழக்கமில்லையாம், பெரும்பாலும் புதிதாகவே குடித்துவிடுவார்களாம். இது மட்டும் வைத்திருப்பதற்கென்றே செய்த வகை. மகள் பிறந்த வருஷம் வாங்கியது. அப்போது தண்ணீர் நிறம், இப்போது உருக்கிய நெய் நிறம். எந்த ஊருக்கு மாற்றினாலும் கூடவே தூக்கிப்போவார். வருகிற பங்குனி வாக்கில் மகளுக்குக் கல்யாணம், அன்றைக்குத்தான் திறப்பது. அதே வகையில் இன்னொரு பாட்டிலை ஒருமுறை திறந்து அவளுக்கு முகரக் கொடுத்திருந்தார். வெல்லப்பாகு, வறுத்த முந்திரி, அதற்கும் பின்னால் பெயர் தெரியாத ஏதோ ஒன்று. அன்றைக்கு வீடு வரும் வரை அந்த வாசம் அவளோடு வந்தது.

கார்த்திகை பிறந்ததும் தேவராஜன் ஐயப்பனுக்கு மாலை போட்டான். அதற்கு முந்தின மாதம்தான் ஆஸ்பத்திரியில், இனிமேல் ஒரு சொட்டுச் சரக்கு உள்ளே போனால் என்னிடம் கூட்டிவராதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பன் குடிக்குப் பயந்து கம்பெனி ஹாஸ்டலிலேயே தங்கிவிட்ட மகள் பூர்ணிமா, மாலை போட்ட அன்று வந்து காலில் விழுந்துவிட்டுப் போனாள். ஊர் வழக்கப்படி அவனை எல்லோரும் 'சாமி' என்றார்கள், குழலியும் சாமி என்றாள். சாமி விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்தது. கை நடுக்கம் நின்றது. அவளுக்கு வெங்காயம்கூட அரிந்து கொடுத்தது. விரதம் முடிந்து மாலையைக் கழற்ற இன்னும் எத்தனை நாள் என்றுதான் அவள் பயந்து பயந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மழை பிடித்துக்கொண்டது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்கப்போகிறார்கள் என்று போன் மேல் போன் வந்தபடி இருக்க, கெஸ்ட் ஹவுசின் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. தங்கியிருந்தவர்களை வேனில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். யாருடைய தனிச்சாமானுக்கும் பொறுப்பில்லை என்று மேனேஜர் ராஜசேகர் கையை விரித்துவிட்டார். புனேவுக்கு வேலையாகப் போயிருந்த ஹயாஷி சார் குழலிக்குப் போன் செய்தார். மற்றது போகட்டும், அந்தப் பாட்டிலை மட்டும் பார்த்துக்கொள் என்றார்.

விரத வீட்டுக்குள் மதுவா என்று அவளுக்கு மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்தது. ஆனால் மாலை போட்ட ஆம்பளை இருக்கிற வீட்டைவிட பாட்டிலுக்குப் பத்திரமான இடம் இந்த உலகத்தில் உண்டா? அப்படித்தான் நினைத்தாள் அந்தப் பைத்தியக்காரி. புடவையில் சுற்றி மாத்தூரில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, குளியலறைப் பரணில் வைத்தாள். மறைத்தால் தப்பாகிவிடும் என்று அவனிடம் சொல்லவும் செய்தாள்.

"அப்டி இன்னாதான் கீது அதுல?" என்றான்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவளோ கண்ணை மூடிக்கொண்டு வெல்லப்பாகையும் முந்திரியையும் சொன்னாள். வருஷங்கள் சேரச் சேர அது எப்படி அடங்கிப் பழுத்தது என்று சொன்னாள். குடிக்கிற சரக்குக்கே இத்தனை பொறுமை இருக்கே சாமி, மனுஷனுக்கு வராதா என்று அவனுக்கு நல்லது சொல்வதாகவே நினைத்துச் சொன்னாள். அவன் சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் கெஸ்ட் ஹவுசில் சேறு அள்ளக் கூப்பிட்டார்கள், போனாள். பொழுது சாய வீடு திரும்பி உள்ளே கால் வைத்ததும் கண்ணில் பட்டது ஐயப்பன் படம். படத்து ஆணியில் அவன் கழுத்தில் கிடந்த துளசிமணி மாலை தொங்கியது.

பாட்டிலை அவள் அப்புறம்தான் பார்த்தாள். பாதி இருந்தது. தேவராஜன் சுவரில் சாய்ந்து டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். முகத்தில் வெறி இல்லை, அழுதிருந்தான்.

"நீ சொன்ன மாரியே கீது குழலி," என்றான். "நானும் இத்தினி வருசம் குடிச்சிருக்கேன். இன்னிக்குத்தான் மெதுவா குடிச்சேன்."

அடிக்கக்கூட அவளுக்குக் கை வரவில்லை. பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கம் ஓடி, சாக்கடை மேல் சாய்த்தாள். வாசம் எழுந்தது. ஒரு பெண்ணின் வயசு முழுக்க ஒருவர் காத்து வைத்திருந்ததைச் சாக்கடையில் ஊற்ற அவளால் முடியவில்லை. உள்ளே கொண்டுபோனால் அவன் குடிப்பான். மழையில் நின்றபடி பாட்டிலை வாயில் வைத்தாள்.

நன்றாக இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. முகர்ந்தபோது பெயர் தெரியாமல் பின்னால் நின்றது நாக்கில் வந்து இறங்கியது, நெஞ்சு வரை சூடாக, சாந்தமாக. தன்னையும் பெற்ற பெண்ணையும் விட்டுவிட்டு அவன் தினமும் எதைத் தேடிப் போனான் என்று இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு அழுதாளே, அதற்கு இன்றைக்குப் பதில் தெரிந்துவிட்டது. அவனை வெறுக்கவும் இனி வழியில்லை. அழுதுகொண்டே கடைசிச் சொட்டு வரை குடித்தாள், அவனுக்கு மிச்சம் இருக்கக்கூடாது என்பதற்காக.

வெறும் பாட்டிலோடு உள்ளே வந்தபோது அவன் இல்லை. டம்ளர் தரையில் இருந்தது. குடை ஆணியில் இருந்தது. வாசலில் அவன் செருப்பு இல்லை.

டாஸ்மாக் கடை மூட இன்னும் நேரம் இருக்கிறது. தெருவில் முழங்கால் தண்ணீரில் அவன் முதுகு தூரத்தில் தெரிந்தது. கூப்பிட வாய் திறந்தாள். பழக்கத்தில் 'சாமி' என்றுதான் வந்தது. அவன் திரும்பவில்லை.