எத்தனை நிறுத்தம் வந்தாலும்

பேருந்து நிலைய அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'பம்பரம்'தான். பத்து வரி எழுதுவதற்குள் நாலு தடவை எழுந்து நடப்பாள். ஒலிபெருக்கி அறிவிப்புகளைக் கோத்துக் கொடுக்கும் புரோகிராம் அவள் பொறுப்பு. ஹாஸ்கல் என்ற கணினி மொழியில் எழுதியது.

அதில் ஒன்று அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று நிறுத்தம் சொல்ல ஒரு ஃபங்ஷன், அதாவது கொடுப்பதை வாங்கி ஒரு வேலையை முடித்துத் தரும் துண்டு; நான்கு சொல்ல இன்னொன்று, ஐந்துக்கு வேறொன்று. ஒரே வேலைக்கு எதற்கு இத்தனை? எத்தனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் ஒன்றே போதாதா? ஆனால் ஹாஸ்கலில், ஒரு ஃபங்ஷன் எத்தனை உள்ளீடு வாங்கும் என்பது, அது எதை வாங்கி எதைத் தரும் என்று சொல்லும் அதன் டைப்பிலேயே தெரிந்துவிட வேண்டும்.

ஒரு நாள் காலை வீட்டிலும் அதே யோசனை. "பால் பொங்கி வழியுது, எங்க பாத்துட்டு நிக்கிற?" என்று கணவன் ஓடிவந்து அடுப்பை அணைத்தான்.

"கொடுக்கிறத எண்ண வேண்டாங்க. அதுகிட்ட என்ன எதிர்பாக்கறாங்கன்னு பாத்தாப் போதும்!"

"எதுகிட்ட?"

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அலுவலகத்தில், டைப்புக்கு ஏற்றபடி நடந்துகொள்ளச் சொல்லும் 'டைப் கிளாஸ்' ஒன்று எழுதி, அதற்கு இரண்டு விதி வைத்தாள். கூப்பிட்ட இடம் எதிர்பார்ப்பது அறிவிப்பு என்றால், சேர்ந்ததைக் கோத்துக் கொடுத்து முடித்துவிடு. எதிர்பார்ப்பது இன்னும் ஒன்றை வாங்கும் ஃபங்ஷன் என்றால், வந்ததைச் சேர்த்துக்கொண்டு மறுபடி இதே கேள்வியைக் கேள். எழுதியதைச் சரிபார்த்து ஓட வைக்கும் கம்பைலர் மசியவில்லை. அறிவிப்பில் வரும் நடைமேடை எண் ஐந்து, முழு எண்ணா தசம எண்ணா, எந்த வகை என்று மல்லுக்கு நின்றது. வராந்தாவை இரண்டு முறை சுற்றிவந்து, 'இது முழு எண்' என்று பக்கத்திலேயே குறித்தாள். ஓடியது! இரண்டு நிறுத்தம் கொடுத்தாலும் ஏழு கொடுத்தாலும் ஒலிபெருக்கி தடுமாறவில்லை.

நிலைய மேலாளர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "பிரமாதம்மா. ஆனா ரூட்டு தினம் மாறுதே. எத்தனை ஸ்டாப்புன்னு காலைல டிப்போ சொன்னாத்தானே தெரியும்?"

அவளுக்குச் சப்பென்று ஆனது. எத்தனை என்பது புரோகிராம் எழுதும்போதே தெரிந்தால்தான் அவளுடைய ஃபங்ஷன் உதவும். ஓடும்போது வந்து சேர்வதற்கு, எத்தனை வந்தாலும் வரிசையாகப் போட்டுவைக்கும் சாதாரண லிஸ்ட்தான் வழி.

"இத முதல்லயே சொல்லக் கூடாதா சார்?"

"நீ எங்கம்மா உக்காந்து கேட்ட?"

தினசரி ரூட்டுகள் லிஸ்டுக்குப் போயின. புரோகிராமிலேயே எழுதி வைக்கும் நிரந்தர அறிவிப்புகளுக்கு அவளுடைய ஃபங்ஷன் நிலைத்தது. கூட வேலை செய்கிறவர்களுக்கு அது பிடித்தும் போனது. அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. ஒரு நிறுத்தம்கூடக் கொடுக்காமல் யாராவது கூப்பிட்டால் அறிவிப்புக்கு முன்னால் அடிக்கும் மணிச் சத்தம் மட்டும் கேட்குமே, அதைக் கம்பைலரே தடுக்கும்படி செய்ய முடியாதா? மறுநாள் காலை வேலைக்கு வரும் பேருந்தில், காலி இருக்கைகளுக்கு நடுவே நின்றபடியே அதை யோசித்துக்கொண்டு வந்தாள்.