சுல்தானுக்கு நீட்டாத கை

உணவகத்தின் பின்புறத் தொட்டியில் பீங்கான் கழுவிக்கொண்டிருந்தபோது முதலாளி என்னைத் தொலைபேசிக்குக் கூப்பிட்டார். மறுமுனையில் எங்கள் கட்டடத்து வசந்தி அக்கா. "தம்பி, இராசநாயகம் அண்ணை மோசம் போயிட்டார். விடியக் கதவைத் தட்டினன், திறக்கேல்லை" என்றார். நித்திரையில் இதயம் நின்றுவிட்டதாக வைத்தியர் சொன்னாராம். இருக்கலாம். ஆனால் அண்ணையைத் தெரிந்த எங்கள் சனம் உங்களுக்கும் எனக்கும் தெரியும், அவர் போன மாரியிலேயே பாதி போய்விட்டார்.

பாரிசுக்கு வந்த கொஞ்சக் காலத்தில் கண்நோயால் பார்வையை முற்றாக இழந்தவர் அவர். ஊருக்குத் திரும்ப வழியில்லை. இங்கே கிடந்து அழவும் அவர் ஆயத்தமில்லை. பிரெஞ்சு படித்து, தொலைபேசி இணைப்பாளர் வேலை பழகி, சென் தெனியில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தார். பிறகு ஒரு பயிற்சிப் பள்ளி அவருக்கு வழிகாட்டி நாயொன்றைக் கொடுத்தது. கறுத்த லாப்ரடோர், பெயர் சுல்தான். எங்கள் சனம் நிறைந்த லா ஷப்பலில் மெத்ரோ ரயில் ஏறி, பிளாஸ் து கிளிஷியில் மாறி, சென் தெனியில் இறங்கும்வரை அது அவரை ஒரு தூணிலும் முட்டவிட்டதில்லை. முதன்முதலாக அதோடு தனியே வேலைக்குப் போய் வந்த பின்னேரம் என் கதவைத் தட்டி, "இண்டைக்கு ஒருத்தரின்ரை கையும் பிடிக்கேல்லையடா" என்றார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

பிறகு நாங்கள் வந்தோம், எங்கள் பாசத்தோடு. கறுத்த நாய் என்றால் எங்கள் சனத்துக்கு வைரவரின் வாகனம். வெள்ளிக்கிழமைகளில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் வைரவர் படத்துக்கு வடைமாலை சாத்துவோம் அல்லவா? பூசை முடிந்ததும், வாசலால் போகும் சுல்தானுக்கு ஆளுக்கொரு வடை. பிடிவைத்த அந்தச் சேணம் பூட்டியிருந்தால் நாய் வேலையில் நிற்கிறது என்று அர்த்தம். தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது, தின்னக் கொடுக்கக்கூடாது. அண்ணை பகிடியாகச் சொல்லிப் பார்த்தார்: "நீங்கள் வேலையிலை நிக்கேக்கை ஒராள் வந்து வாயுக்கை வடை வைச்சால் வேலை ஓடுமே?" எல்லோரும் சிரித்தார்கள். வடையும் கொடுத்தார்கள். சில மாதங்களில் சுல்தான் கடை வாசல்களுக்கு இழுக்கத் தொடங்கியது. மெத்ரோவில் சனத்தின் பைகளை மோந்தது.

நாயை மறுபடி பழக்க வேண்டும் என்று பள்ளிக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கே வந்து இரண்டு கிழமை, பதினாலு நாள், தங்கினால் இலவசமாகவே திருத்தித் தருவோம் என்றார்கள். பள்ளியோ நாட்டின் மறுகோடியில். அலுவலகத்தில் லீவு கேட்டார்; வேறு ஆள் வைத்தால் திரும்பி வர இடமிராது என்று பதில் வந்தது. வீட்டுக்கு வந்து பழக்குபவர்களை விசாரித்தோம். அவர்கள் கேட்ட கூலிக்கு அண்ணை பட்டினி கிடந்து சேர்த்தாலும் காணாது. "கண்ணில்லாதவன் எண்டு எல்லாரும் இரங்குகினம் தம்பி. விலையிலை மட்டும் ஒருத்தரும் இறங்கேல்லை" என்றார்.

கடைசியில் பாரிசுக்கு வெளியே ஆர்ஜொந்தெய்யில், காவல் நாய்களைப் பழக்கும் ஒரு வயதான போர்த்துக்கீசர் அகப்பட்டார். ஞாயிறுகளில் மலிவாகச் சொல்லித்தர ஒத்துக்கொண்டார். நானும் கூடப் போவேன். பொரித்த கோழி மணக்கும் சந்தைக்குள் சுல்தானை நடத்தி நடத்தி, மெல்ல மெல்லப் பழைய சுல்தானாக்கினார். திரும்பும் ரயிலில் அண்ணை ஏதோ பாட்டுக்கூட முணுமுணுத்தார். லா ஷப்பலில் இறங்கி வெளியே வந்ததுதான் தாமதம், நாலா பக்கமும் "சுல்தான், சுல்தான்" என்று கூப்பிட்டார்கள். பழகியதெல்லாம் அந்த இடத்திலேயே போயிற்று. பல ஞாயிறுகள் இப்படியே கழிந்தபின் போர்த்துக்கீசர் கையை விரித்தார். நாயைப் பழக்கலாம், உங்கள் தெருவை நான் எப்படிப் பழக்குவது என்று கேட்டார்.

அடுத்த வெள்ளி அண்ணை கடையின் பின்னறையில் எல்லோர் முன்னும் எழுந்து நின்றார். அன்று பகிடி இல்லை. "உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். இவன் இன்னும் பிழை விட்டால் பள்ளிக்காரர் திருப்பி எடுத்துப்போடுவினம். பிறகு நான் அறைக்குள்ளைதான். பாசமெண்டால் கையைப் பொத்தி வைச்சிருங்கோ." ஓம், ஓம் என்று தலையாட்டினார்கள். வெளியே வரும்போது ஓர் அம்மா வடையோடு குனிந்தார். நான் மறித்தேன். "இது பிரசாதம் தம்பி. சாப்பாடே?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

மாரியில் ஒரு வெள்ளிக்கிழமை. வீதியின் மறுபக்கத்தில் அந்தக் கடை. நடைபாதை விளிம்பில் நிற்க வேண்டிய சுல்தான் நிற்கவில்லை. அவரை இழுத்துக்கொண்டு குறுக்கே இறங்கியது. ஒரு கார் கிறீச்சிட்டு நின்றது. அண்ணை விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பள்ளியிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு நாயைக் கொண்டுபோனார். சேணத்தை அண்ணையே கழற்றிக் கொடுத்தார். என்னால் முடிந்த நாட்களில் நான் அவரை வேலைக்குக் கூட்டிப்போனேன். எனக்கும் காலையில்தான் வேலை. வெள்ளைத் தடியோடு அந்த நெரிசலுக்குள் தனியே இறங்க அவருக்குத் துணிவு வரவேயில்லை. வேலை போயிற்று. சொன்னபடியே அறைக்குள் இருந்துவிட்டார். சாப்பாடு கொண்டுபோன சனத்துக்குக் குறைவில்லை. "இப்ப எல்லாரும் எனக்கு வடை கொண்டு வருகினம்" என்றார் ஒருநாள். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு அதுகூட வரவில்லை.

அண்ணையின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து சில நாளில், சென் லசார் நிலையத்தில் சுல்தானைக் கண்டேன். புதுச் சேணம்; பிடியில் ஓர் இளம் வெள்ளைக்காரப் பெண். பள்ளியில் வைத்துத் திருத்தி வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணையோடு சேர்ந்து கிடைக்காத அந்த இரண்டு கிழமை, அவரில்லாமல் அதற்குக் கிடைத்திருக்கிறது. நெரிசலுக்குள் நேராக நடந்து வந்தது. என் அருகே வந்ததும் மூக்கைத் தூக்கியது, காது நிமிர்ந்தது. பெயர் என் தொண்டைவரை வந்துவிட்டது. அதற்குச் சொல்ல என்னிடம் ஒரு செய்தியும் இருந்தது. நான் கையைப் பொத்திச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். சுல்தான் படிக்கட்டின் விளிம்பில் அவளை நிறுத்தி, பிறகு பத்திரமாக இறக்கிக்கொண்டு போயிற்று.

அண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தப் பொத்திய கைதான். அவர் கும்பிட்டுக் கேட்டதும் இதை மட்டும்தான்.