ஓரிடத்தில் நின்ற இடி

1. சேர்ந்த அன்று

பாசன வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு ஜீப் இருக்கிறது, போன் இருக்கிறது. எனக்கு ஒரு கடப்பாரையும் ஒரு கொக்கியும் இருந்தன.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள். ராசிபுரத்துக்குத் தெற்கே, மலையிலிருந்து இறங்கும் ஒரு காட்டாற்றின் குறுக்கே சின்ன அணைக்கட்டு. அதில் நான் லஸ்கர். கப்பல் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். மதகுப் பலகையை ஏற்றி இறக்கும் காவல்காரன், அவ்வளவுதான். முதல் நாளே ஓவர்சியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"உத்தரவு இல்லாம பலகையைத் தொடாதே. ஊர்க்காரன் வீட்டுல கை நனைக்காதே. இன்னைக்குச் சோறு போடுவான், நாளைக்குத் தண்ணி கேப்பான்."

கை நனைக்காமல் இருப்பதில் ஒரு சிரமமும் இல்லை. யாரும் கூப்பிடவில்லை. நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரன், கல்யாணம் ஆகாதவன். மேல்மடைக்காரர்கள் என்னைக் கடைமடையின் ஆள் என்றார்கள். கடைமடைக்காரர்கள் மேல்மடையின் ஆள் என்றார்கள். ஊரில் கல்யாணம் நடந்தால் மேளச் சத்தம் மட்டும் என் குவார்ட்டர்ஸ் வரை வரும். சில நாள் பேச ஆளில்லாமல் பலகையோடு பேசியிருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

என்னோடு பேசிய ஒரே ஆள் நாச்சிமுத்துக் கவுண்டர். வாய்க்கால் ஓரம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். சாயங்காலமானால் ஒரு பிடி வெற்றிலையோடு வந்து அணைச் சுவரில் உட்காருவார்.

"ஏனுங்க லஸ்கரு, உங்கூர்ல ஒரு 'ங்க' சேத்திப் பேசுனா காசு கேப்பாங்களாட்ட இருக்குதுங்க?" என்று கிண்டல் செய்வார். அந்தக் கிண்டலுக்காகவே காலையிலிருந்து காத்திருப்பேன்.

2. பலகை

அணையின் அடியில் மணல்போக்கி என்று ஒரு மதகுக் கண் உண்டு. கோடையில் அதைப் பலகை போட்டு அடைத்துவிடுவோம். பின்னால் தேங்கும் தண்ணீர்தான் கொடிக்காலுக்கு உயிர். வெற்றிலைக்கொடி நாலு நாள் தண்ணீர் இல்லையென்றால் சுருண்டுவிடும்.

இடது கரை மண் கரை. பெருச்சாளி குடைந்து உள்ளே பொந்தாக இருந்தது. பழுது பார்க்க ஆள் அனுப்புங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். கரைக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில் கூலிக்காரர்களின் குடிசைகள்.

ஒரு சித்திரை மாதம். மத்தியானத்திலிருந்து மலை மேல் மேகம் கட்டியிருந்தது. கோடை இடி எப்போதும் நடந்து போகும். இங்கே இடிக்கும், கொஞ்ச நேரத்தில் அங்கே இடிக்கும். அன்றைய இடி நகரவில்லை. ஒரே குன்றின் மேல் நின்றுகொண்டு இடித்தது. எங்கள் பக்கமோ மண் சுட்டது.

அன்று வெயில் தாழுமுன்பே கவுண்டர் வெற்றிலையோடு வந்தபோது நான் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னுங்க பண்றீங்க?"

"இடி நகரவே மாட்டேங்குது கவுண்டரே. அங்க பெய்யறதெல்லாம் இந்த ஆத்துலதான் வரணும். அணை ரொம்பிக் கெடக்கறப்ப வந்தா மண் கரை தாங்காது."

"மழை அங்க பேயுது. இங்க வெயிலு காயுது. தண்ணிய உட்டுப்போட்டு, அப்புறம் ஆறு வருலீன்னா என்ற கொடிக்காலுக்கு என்னுங்க வழி?"

என்னிடம் உத்தரவு இல்லை. கேட்டு வர ஓவர்சியர் இருக்கும் நாமக்கல் வரை போகவேண்டும். குடிசைக்குப் போய்ச் சொல்லலாம் என்றால் பலகையைத் தூக்க வேறு ஆளில்லை. கடப்பாரையை நெம்பினேன். கவுண்டர் என் கையைப் பிடித்தார். பிறகு அவரே விட்டுவிட்டார். வெற்றிலையைச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போனார்.

பலகை முழுவதும் ஏறியது. அவருடைய கோடைத் தண்ணீர் என் கண் முன்னால் மணலில் இறங்கி ஓடியது. அணை காலியான பிறகும் ஆறு வரவில்லை. சுவரில் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஒரு மனுஷனையும் இழந்தேன், தண்ணீரையும் இழந்தேன் என்று நினைத்தபோது அழுகையே வந்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஆறு வந்தது. முதலில் சருகும் நுரையும், பின்னால் மரமும் மண்ணும். என் தலைக்கு மேலே ஒரு சொட்டு மழை இல்லை. வெள்ளம் மண் கரையின் தலைக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. அணையில் பழைய தண்ணீர் இருந்திருந்தால் அந்த ஒரு சாண் இருந்திருக்காது. கரைக்கு அந்தப் பக்கம் குடிசைகளில் அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. யாரோ குழந்தையை அதட்டும் சத்தம் கேட்டது.

3. மறுநாள்

காட்டாறு வந்த வேகத்தில் போய்விடும். விடிந்ததும் பலகையை இறக்கப் பார்த்தேன். வெள்ளத்தில் வந்த ஒரு வேப்ப மரம் மணல்போக்கியில் குறுக்கே செருகிக்கொண்டிருந்தது. ஆள் பிடித்து அதை வெட்டி எடுப்பதற்குள் மிச்சத் தண்ணீரும் போய்விட்டது. அந்தக் கோடையில் ஆறு மறுபடி வரவில்லை. கொடிக்கால் கருகியது.

ஓவர்சியர் வந்து கரையைப் பார்த்தார். "செஞ்சது சரிதான்யா. ஆனா உத்தரவு இல்லையே" என்றார். அபராதம் போடவில்லை, அவர் வரையில் அது பெரிய மனசு. கவுண்டர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. அணைச் சுவருக்கு அவர் வருவது நின்றுபோயிற்று. நான் வெற்றிலையைச் சந்தையில் வாங்க ஆரம்பித்தேன்.

குடிசைகளிலிருந்து ஒரே ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். மரம் வெட்டிக்கொண்டிருந்த அன்று, இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள்.

"ஏஞ்சாமி, தண்ணிய உடறதுக்கு முந்தி ஒரு சத்தங் குடுக்கக் கூடாதுங்களா? ஆத்து மணல் ஊத்துல தண்ணி மோக்க வெச்சிருந்த கொடத்த அடிச்சுட்டுப் போயிருச்சுங்க. புதுக் கொடமுங்க. உங்குளுக்கென்ன, பலகையத் தூக்கிப்போட்டு ஊட்டுக்குள்ள போயி உக்காந்துக்குவீங்க."

கரையையும் பெருச்சாளிப் பொந்தையும் அவளுக்குக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. அவள் இடுப்பிலிருந்த குழந்தை என் கொக்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. என் குடத்தை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் திட்டினாள்.

பிள்ளைகளே, நான் கற்றது இதுதான். இடி நகராமல் நின்றால் பலகையைத் தூக்குங்கள். கரை உடைந்தால் ஊரே உங்களைத் தேடி வரும். உடையாவிட்டால் இப்படித்தான், யாராவது ஒருத்தர் குடத்துக்காக வருவார்.

அவள் கரை ஏறி, அந்தப் பக்கம் இறங்கி மறைந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் நின்று திட்டியிருக்கலாம் என்று இருந்தது எனக்கு.