தலை குனிந்த கழுத்துப்பட்டி

சூசை அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி எனக்கு முருங்கன் பஸ்ஸில் கிடைத்தது. எனக்கென்று யாரும் சொல்லவில்லை. முன் இருக்கையில் இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டு வந்தார்கள். கழுத்துப்பட்டியும் செயற்கைக் காலும் செய்கிற அந்த மனிதரை முந்தாநாள் அடக்கம் பண்ணியாயிற்றாம். எட்டித் தோளைத் தட்டி, எந்த மனிதர் என்று கேட்டேன். பெயரைச் சொல்லிவிட்டு, "நீங்கள் சொந்தமோ?" என்றாள் ஒருத்தி. இல்லை என்றேன். சொந்தமில்லாதவளுக்கு யார் ஆள் அனுப்புவார்கள்? எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அவரை அறிந்த நீங்களாவது வாசிப்பீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தோட்டவெளிக் கிராமத்தில் நான் தனியே இருக்கிறவள். போன வருடம் சந்தையால் திரும்பும்போது கழுதை ஒன்று குறுக்கே வந்து, ஓட்டோ சரிந்து, என் கழுத்து எலும்பில் வெடிப்பு. கழுதைக்கு ஒன்றுமில்லை. அளவெடுத்துச் செய்த பட்டியை மூன்று மாதம் போடவேண்டும், கழற்றிப் பூட்ட வீட்டில் ஓர் ஆள் வேண்டும் என்றார் டாக்குத்தர். ஆள் இல்லையென்றால் கொழும்பில் தம்பி வீட்டுக்குத்தான் போகவேண்டுமாம். தம்பி நல்லவன். ஆனால் அங்கே போனால் பிறகு என் வீட்டுக்குத் திரும்பவே மாட்டேன் என்று பயந்தேன். என்னைப் போன்றவர்களை நல்ல மனதோடுதான் ஒரு மூலையில் இருத்திவிடுவார்கள்.

சூசை அண்ணனின் வேலைக்கூடம் கோயில் மதிலை ஒட்டி இருந்தது. "பூட்டிவிட வீட்டில ஆர் இருக்கினம்?" என்று அவரும் கேட்டார். சுவர் இருக்கு என்றேன். வேறு யாராவது என்றால் உச்சுக்கொட்டியிருப்பார்கள். அவர், சுவருக்குக் கையில்லையே தங்கச்சி என்றுவிட்டு வாளியில் தண்ணீர் எடுக்கப் போனார். அப்போதே எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது.

கதிரையில் என்னை இருத்தி, ஈரப் பிளாஸ்டர் துணியைக் கழுத்தைச் சுற்றிப் பதித்தார். "இறுகுமட்டும் நேர பாருங்கோ. ஆண்டவரே வந்தாலும் அசையாதேங்கோ" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, கோயிலில் மத்தியான மணி அடித்தது.

மணி கேட்டால் நின்ற இடத்தில் தலை குனிந்து திரிகால செபம் சொல்வது எங்கள் கத்தோலிக்கச் சனத்தின் பழக்கம். ஒருவர் தொடங்க மற்றவர் மறுமொழி சொல்லவேண்டிய செபம் அது. அம்மா செத்த பிறகு வீட்டில் இரண்டு பேருடைய பங்கையும் நானே சொல்லி வந்தேன். அன்றும் என்னை அறியாமல் தலை குனிந்தது, வாய் தொடங்கியது. மறுமொழி எனக்குப் பின்னாலிருந்து வந்தது. சூசை அண்ணனும் கண்ணை மூடிக் குனிந்து நின்றிருக்கிறார். கழுத்து நொந்தது, ஆனாலும் நான் நிறுத்தவில்லை. செபம் முடிய, பிளாஸ்டரும் இறுகிவிட்டது.

அடுத்த கிழமை, அந்த அச்சில் செய்த பட்டியைப் பூட்டிப் பார்த்தால், எனக்குத் தெரிந்தது அவருடைய செருப்பு மட்டும்தான். ஆளின் முகத்தைப் பார்க்க வழியில்லை. அவர் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு கதிரையில் பொத்தென்று இருந்து சிரித்தார். "ரெண்டு பேருமெல்லோ குனிஞ்சிட்டம். ஆர் ஆரைப் பிழை சொல்லுறது?"

இரண்டாவது பட்டி நேராக வந்தது. அதில் வார்களையெல்லாம் பின்னால் விடாமல் முன்பக்கம், வலது கைக்கு எட்டும்படி வைத்திருந்தார். பின் துண்டைத் தலையணையில் வைத்து, அதற்குள் மெல்லப் படுத்து, முன் துண்டை மேலே வைத்து இழுத்துப் பூட்டலாம். தனி ஆளுக்கு இது சரிவரும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பழைய பட்டி ஒண்டில வாரைத் தைச்சு, வீட்டில படுத்துக்கிடந்து போட்டுப் பாத்தனான்" என்றார். "நானும் தனியத்தானே."

மனைவி இந்தியாவில் அகதி முகாமில் இருக்கும்போதே இறந்துவிட்டார் என்பதும், இவர் திரும்பி வந்தபோது பிள்ளைகள் அக்கரையிலேயே தங்கிவிட்டார்கள் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. டாக்குத்தருக்கு முன்னால் படுத்து, யாருடைய கையும் இல்லாமல் பட்டியைப் பூட்டிக் காட்டினேன். அவர் என்னை என் வீட்டிலேயே இருக்க விட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிறு பூசை முடிந்து போகும்போது சூசை அண்ணன் என் வாசல் படலையில் சைக்கிளை நிறுத்துவார். நேராத்தானே என்று கேட்பார். நேராத்தான் என்பேன். தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாலும் உள்ளே வரமாட்டார். பட்டி கழற்றிய பிறகும் அந்தக் கேள்வி நிற்கவில்லை. கடைசியாக இரண்டு ஞாயிறு அவரைக் காணவில்லை. அக்கரைக்குப் பிள்ளைகளிடம் போயிருப்பார் என்று சந்தோசப்பட்டேன். காய்ச்சலோடு தன் வீட்டில் தனியே கிடந்திருக்கிறார்.

நல்ல பட்டி எங்கோ அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. நான் பக்கத்தில் வைத்திருப்பது அந்தப் பிழையான பட்டியைத்தான். எறியப் போனவரிடம் கேட்டு வாங்கினேன். உது என்னத்துக்கு என்றார். சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது சொல்கிறேன். அம்மாவுக்குப் பிறகு எனக்கு மறுமொழி சொல்ல ஓர் ஆள் இருந்தது அந்த ஒரு நாள்தான். அன்று குனிந்த வளைவு அந்தப் பட்டியில் அப்படியே இருக்கிறது.

மத்தியானம் மணி அடிக்கிறது. தலை குனிகிறேன். என் வரியைச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுத்து, அவருடைய வரியையும் நானே சொல்கிறேன்.